பாதிக் கூடு

அந்தக் காலத்தில் பாம்புக்கும் குருவிக்கும் ஒரே பாஷை. திட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. அப்போதெல்லாம் தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு வாசல் பக்கவாட்டில்தான். ஆண் குருவி கூட்டை முழுசாகக் கட்டி முடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்காரும். பெண் குருவி வாயைத் திறக்காமல் குடிவர வேண்டும்.

கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் அப்படிக் குடிபோனவள் செம்பாயி. ஒரு சாரைப்பாம்பு அந்த வாசலில் சாவகாசமாகத் தலையை நுழைத்து, அவளுடைய மூன்று முட்டைகளையும் விழுங்கியது. "அடுத்த வருஷமும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வேறு போனது. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு ஆறவே இல்லை.

மறுவருஷ மழைக்காலத்தில் செம்பாயி கூடு கூடாகப் போனாள். "வாசலை மாத்திக் கட்டித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

"கட்டி முடிச்ச வீட்டுல குத்தம் சொல்ல வந்துட்டா. இஷ்டம்னா இரு, இல்லன்னா நடையைக் கட்டு" என்றார்கள் ஆண் குருவிகள் எல்லோரும்.

கடைசிக் கிளையில் மஞ்சான் என்றொரு ஆண் குருவி. அவன் கூடு கவிழ்த்த கூடை போலப் பாதியில் நின்றது, அடிப்பக்கமே இல்லை. அரைகுறை என்று மரமே அவனைக் கேலி செய்தது.

"பாக்காத புள்ள, இன்னும் முடிக்கல" என்று நெளிந்தான்.

"நல்லதாப் போச்சு. நீங்க நார் கிழிச்சிட்டு வாங்க, மிச்சத்தை நான் சொல்றேன். வாசல் கீழே பாக்கணும். ஒரு முழத்துக்குக் குழாயாத் தொங்கணும்."

"அப்புறம் நாம எப்படி உள்ளே போறது?"

"பறந்து போவோம். பாம்பு பறக்குமா?"

அவள் உள்ளிருந்து தள்ள, அவன் வெளியிலிருந்து இழுத்து முடைந்தான். செம்பாயி மறுபடி மூன்று முட்டையிட்டாள்.

ஒருநாள் உச்சி வெயிலில் சாரை வந்தது. பக்கவாட்டில் தடவிப் பார்த்தது, வாசல் இல்லை. குழாயின் வெளிப்பக்கமாகவே இறங்கியது. நுனிக்கு வந்து தலையை மேலே வளைத்ததும் பிடி நழுவித் தொப்பென்று கிணற்றில் விழுந்தது. மரம் முழுக்க ஒரே கும்மாளம்.

செம்பாயி குழாயிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அடுத்த தடவை வந்தா ரெக்கை கட்டிக்கிட்டு வா."

மூன்று முட்டைகளும் பொரிந்து, மூன்று குஞ்சுகளும் பறந்தன. அதைக் கண்ணால் பார்த்த மற்ற ஆண்கள் போய், கட்டி முடித்த தங்கள் கூடுகளின் அடிப்பாதியைத் தாங்களே பிய்த்துப் போட்டார்கள்.

அன்றிலிருந்துதான் ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதில் தொங்கிச் சிறகடித்துத் துணையைக் கூப்பிடுகிறது. அவள் வந்து உட்கார்ந்து பார்த்து, சரி என்றால்தான் மீதி.