மூன்றாவது மவுத்கார்டு

"அவளுக்கு டாக்டர்கிட்ட. எனக்கு மட்டும் கடையிலயா மாஸ்டர்?" என்று கேட்டே விட்டாள் தமயந்தி.

ரஹீமா மாஸ்டர் கையுறைகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தமயந்தியைவிட இரண்டு வயது இளையவள்தான். ஆனாலும் அந்தக் காசிமேட்டு பாக்ஸிங் கூடத்தில் மாஸ்டர் என்றால் மாஸ்டர்தான்.

விஷயம் இதுதான். லிடியா வந்து சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை. அவளை மாஸ்டரே பல் டாக்டரிடம் கூட்டிப்போய், அச்செடுக்க வைத்து, பல்லுக்குக் கவசமாக ஊதா நிறத்தில் ஒரு மவுத்கார்டு செய்து வாங்கித் தந்திருக்கிறாள். ஆறு வருஷமாகக் கூடத்தைப் பெருக்கி, பையைக் குத்தி, மூக்கில் ரத்தம் பார்த்த தமயந்திக்கு? வெந்நீரில் போட்டு, இளகியதும் பல் பதியக் கடித்துக்கொள்கிற பாக்கெட் சாமான்.

வயிறு எரியாதா? எரிந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

லிடியா பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள், அவளுக்குக் கடைச் சாமான் ஒத்துவராது, கம்பி இல்லாத வாய்க்கு இதுவே தாராளம் என்று மாஸ்டர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அதெல்லாம் தமயந்தியின் காதில் ஏறவில்லை.

ஏறினாலும் என்ன, அந்தச் சாமான் வாயில் நிற்க வேண்டாமா? முதலாவது ஆடியது. இரண்டாவது வாங்கிக் கடித்தாள், அதுவும் ஆடியது. ஆடுகிற மவுத்கார்டோடு மாஸ்டர் யாரையும் ரிங்கில் ஏற விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணித் தேர்வு. தமயந்திக்கு முப்பத்திரண்டு நடக்கிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வயசா அது?

 மூன்றாவது பாக்கெட்டைப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டாள் மாஸ்டர்.

வெந்நீரில் போட்டு முப்பது எண்ணினாள் தமயந்தி. எடுத்து, நீரை உதறி, மேல் பல்லில் பொருத்திக் கடித்தாள். காற்றை உறிஞ்சி, உதட்டுக்கு மேலே விரலால் அழுத்தியபடி இருபது எண்ண வேண்டும்.

எண்ணினாள்.

இடது கைப் பக்கம் லிடியா கயிறு தாண்டிக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தாள். வாயில் அந்த ஊதா. சனியன், சிரிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. எத்தனை எண்ணினோம் என்பதே தமயந்திக்கு மறந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து, திரும்ப வாயில் வைத்தாள். மாஸ்டர் விரல் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

ஆடியது.

 தமயந்தி அதை வாயிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் டாக்டர்கிட்ட செஞ்சு குடுத்திருந்தா இப்படி ஆவுமா? நான் இன்னா, உங்களுக்கு வேண்டாதவளா மாஸ்டர்?"

ரஹீமா அதை வாங்கிக் கழுவினாள். தானே அவள் வாயில் பொருத்தினாள். பிறகு அவள் தாடையைப் பிடித்து, முகத்தை இடது பக்கமாக, லிடியா இருந்த பக்கமாகத் திருப்பினாள்.

"இப்ப கடிங்கக்கா."

கடித்தாள். மாஸ்டர் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. சொந்தப் பல் மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

தமயந்திக்கு ஒன்றும் ஓடவில்லை.

தாடையை விடாமல், முகத்தை மெதுவாகத் தன் பக்கம் நேராகக் கொண்டுவந்தாள் ரஹீமா. இன்னொரு தரம் கடிக்கச் சொன்னாள். விரல் வைத்தாள்.

ஆடியது.

"ஞாயித்துக்கிழமை உங்களை அடிக்கப்போறவ, இந்தப் பக்கம் நிப்பாக்கா."