நாமம் இல்லாத டைனோசர்

பெருமாள்குளம் வாசகர் வட்டத்தில் தலைவர் மகராசன், செயலாளர் சுப்புக்குட்டி, எழுத்தாளர் ஆவுடையப்பன் ஆகியோர் உண்டு. வாசகர்தான் இன்னும் சேரவில்லை.

காட்டுக்குள் உயிரோடிருக்கும் டைனோசரைத் தேடிப்போகும் சாகச நாவல் ஒன்றை ஆவுடையப்பன் எழுதியிருந்தார். பதிப்பாளரோ, "நேர்ல பாத்தவன் எழுதுன மாதிரி இருந்தா அச்சடிக்கேன். இல்லேன்னா ஆளை விடும்" என்று சொல்லிவிட்டார். தன் பெயரை அச்சில் பார்க்காமல் கண்மூடக் கூடாது என்று ஏங்கிக் கிடந்த மனுஷன் வேறென்ன செய்வார்? டைனோசரை நேரில் பார்க்க, மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார்.

மலையடிவாரத்தில் வனக்காவலர், "பெரிய மிருகம் எதிரே வந்தா அசையாம நில்லுங்க" என்றார். தலையாட்டிவிட்டு நடந்தார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. இருப்பது ஒரே பிரதி, நனைந்தால் போச்சு. ஆவுடையப்பன் நாவலை வாழையிலையில் பொதிந்து கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஓடைக்கரையில் அது நின்றது. தும்பிக்கை, தந்தம், முறம்போல் காது எல்லாம் இருந்தன.

"யானை மாதிரி தெரியுதே, அண்ணாச்சி" என்று சுப்புக்குட்டி முனகினார்.

ஆவுடையப்பன் அவசரமாகக் குறுக்கிட்டார். யானையாக இருந்துவிட்டால் நாவல் அம்போதான். "நல்லாப் பாருமய்யா. நெத்தியில நாமம் எங்க? கழுத்துல மணி எங்க? நம்ம பெருமாள் கோயில் யானைக்கு ரெண்டும் உண்டுல்லா?"

"பாகனையும் காணலியே" என்றார் தலைவர். "எதுக்கும் காசை நீட்டிப் பாப்போம். யானைன்னா வாங்கிட்டு ஆசீர்வாதம் பண்ணும்."

"கையை நீட்டுனா அசைஞ்சதாகாதா?" என்று சுப்புக்குட்டி கேட்டார்.

"தீர்மானம் போட்டு அசைஞ்சா குத்தமில்ல" என்றார் தலைவர்.

தீர்மானம் போட்டு நீட்டினார்கள். அது காசைச் சீந்தவே இல்லை. ஆகவே டைனோசர்தான் என்று ஏகமனதாக முடிவானது. ஆவுடையப்பனுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அது அவர் கக்கத்திலிருந்த வாழையிலைப் பொட்டலத்தை உருவி வாயில் போட்டுக்கொண்டது. தடுப்பதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லையே! ஒருவரும் அசையவில்லை. நாவலை ஆற அமர மென்று விழுங்கிவிட்டு அது திரும்பி நடந்தது.

"ஒரே பிரதிய்யா!" ஆவுடையப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழாதீங்க அண்ணாச்சி" என்று சுப்புக்குட்டி தேற்றினார். "நானே ரெண்டாம் பக்கத்தைத் தாண்டல. அது முழுசா முடிச்சிருக்கு."

"தின்னது எங்க போகும்?" என்றார் தலைவர். "வந்துதானே ஆகணும்?"

மூவரும் அதன் பின்னாலேயே போனார்கள். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வது யார் என்று கொஞ்ச தூரம் சச்சரவு நடந்தது. நூல் வெளியீட்டு விழா மரபுப்படி அந்தக் கௌரவம் தலைவருக்கே என்று முடிவாயிற்று. மகராசன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாலுக்கு நேர் கீழே இரண்டு கைகளையும் ஏந்தியபடி பயபக்தியோடு நடந்தார்.