நரிமேட்டில் மிஞ்சிய ஒரு வீடு

மலையில் தீப்பிடித்து அன்று மூன்றாம் நாள். விடிந்ததிலிருந்து ஏழாவது முறையாக ஆவுடையப்பன் பாறைமேல் ஏறி நின்றார். கைபேசிக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

காவல்துறையில் வயர்லெஸ் பிரிவில் முப்பது ஆண்டு இருந்தவர். வயது அறுபத்திரண்டு. இந்த அடிவாரத்து மடத்துக்கு வந்து, குழல்மொழி அம்மைக்குச் சீடராகி ஒரு வருடம் ஆகிறது. அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

பாறையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். அம்மை சாக்குகளைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, தீ கூட்டாத்தைத் தாண்டிருச்சு. ரெண்டு ஊரைக் காலி பண்ணிட்டாங்க. காத்து நம்ம பக்கம் திரும்புது.”

“மேல நரிமேட்டுல?”

“பதினோரு வீடு. ஜீப் போயிருக்கு. மூணு மணிக்குள்ள எல்லாரும் இறங்கிரணுமாம். நாமளும்தான்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“வெள்ளத்தாயி எங்க?”

“வர மாட்டேங்குது” என்றார் வனக்காவலர். “ரெண்டு தடவ கெஞ்சிப் பாத்துட்டேன். இதுக்கு மேல நின்னா இவங்க உயிருக்கும் ஆபத்து.”

ஜீப் போய்விட்டது. அம்மை நனைந்த சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதைக்குத் திரும்பினார்.

“அம்மா, மணி இப்பவே ஒண்ணரை.”

“ஏற எவ்வளவு நேரம் ஆகும்?”

“முக்கால் மணி.”

“இறங்க?”

“அரை மணி.” சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்டார் என்று அவருக்கு உறைத்தது.

அம்மை நடக்கத் தொடங்கியிருந்தார். ஆவுடையப்பனும் பின்னால் போனார்.

பாதி வழியில் புகை இறங்கியது. கண் எரிந்தது. கேளையாடு என்ற சிறுமான் ஒன்று எதிரே பாய்ந்து வந்து அவர்களை உரசுவதுபோல் கடந்து ஓடியது. திரும்பிவிடலாம் என்று சொல்ல அவர் இரண்டு முறை வாயெடுத்தார். வெட்கமாக இருந்தது. மூங்கில் வெடிக்கும் சத்தம் கேட்டபோது வெட்கமும் போய் வெறும் பயம் மட்டும் இருந்தது.

வெள்ளத்தாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கூரைமேல் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது.

ஆவுடையப்பன் கைபேசியில் இருந்த வரைபடத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இங்க பாரும்மா. காலையில தீ இங்க இருந்துச்சு. இப்ப இங்க. இந்த வேகத்துல வந்தா ஒரு மணி நேரம்கூட இல்ல. எந்திரி.”

“தீ எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா சார்? மூணு நாளா அதைத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“தெரிஞ்சுமா உக்காந்திருக்க?”

அவர் குரலை உயர்த்தினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மை அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“ஏன் தாயி வரல?”

வெள்ளத்தாயி எதிர்மலைப் பக்கம் கை காட்டினாள்.

“எங்க வீட்டுக்காரரு மாட்டை அவுத்துவிட எதிர்மலைக்குப் போயிருக்காரு. நான் போயிட்டா இங்க வந்து தேடுவாரு. வீட்டுக்குள்ள பாப்பாரு, ஓடைக்கு ஓடுவாரு. என்னையத் தேடியே தீயில மாட்டிக்குவாரு.”

“நீ சந்தைக்குப் போற அன்னிக்குத் தேடுவாரா?”

“சந்தைக்கா? அன்னிக்கு எதுக்குத் தேடுறாரு? சேப்புச் சேலையக் கூரைமேல விரிச்சிட்டுத்தான போவேன். எதிர்மலையில இருந்தே தெரியும். வீட்டுப் பக்கம் வராம நேரா ரோட்டுக்கு இறங்கிருவாரு, சுமை வாங்க...”

அவள் நிறுத்தினாள். எழுந்து உள்ளே ஓடினாள்.

சேலையை விரித்து நான்கு முனையிலும் கல் வைத்தார்கள். ஆவுடையப்பனும் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். நனைந்த சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு மூவரும் இறங்கினார்கள். பாதையின் வலப்புறம் புல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம், ஆட்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு வெள்ளத்தாயியின் கணவன் வந்து சேர்ந்தான். கால் கொப்பளித்திருந்தது. மாடுகள் தப்பின, கன்று தப்பவில்லை என்றான். “சேலையப் பாத்தேன்” என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அம்மை அவன் காலில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் செம்பை நிரப்பி நிரப்பிக் கொடுத்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

“அம்மா, தீ எங்க இருக்கு, எவ்வளவு வேகமா வருது, எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பொண்ணு அசையல. எனக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரிஞ்சுது?”

“எனக்கு ஒண்ணும் தெரியலங்கய்யா” என்றார் அம்மை. “அதனாலதான் கேட்டேன்.”