மூன்று முறை அழுத்திய பட்டன்

நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் அலுவலகம். அங்கே ஆசிரியருக்கு முப்பத்தொரு வயது, மாணவருக்கு நாற்பத்தேழு.

மாணவர் பெயர் திருமேனி. பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருடம் கணிதம் எடுத்தவர். பாலிடெக்னிக்கை மூடிவிட்டார்கள். இங்கே வந்து ஆயிஷாவிடம் ஜாவா கற்றுக்கொண்டார். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லித்தருகிறார் என்று விளங்க ஒரு வாரம் ஆகும்.

ஓர் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். வார்டில் நோயாளிக்கு மோசமானால் நர்ஸ் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். உள்ளே மூன்று வேலை நடக்கும். இன்னார் கேட்டார் என்று பதிவாகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஒதுக்கப்படும். டியூட்டி டாக்டருக்குத் தகவல் போகும். இந்தப் பகுதியை எழுதியவர் திருமேனி.

ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு நோயாளியை அந்தப் பிரிவுக்கு மாற்ற ஒன்றரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. உயிர் தப்பியது, வலது கை விளங்காமல் போனது. மூன்று முறை அழுத்தினேன், மூன்று முறையும் 'மீண்டும் முயலவும்' என்றுதான் வந்தது, பிறகு டாக்டரைத் தேடி ஓடினேன் என்கிறார் வார்டில் இருந்த லீலாபாய் சிஸ்டர். பதிவில் ஒரு வரிகூட இல்லை. வியாழக்கிழமை விசாரணை. அழுத்தவே இல்லை என்று முடிவானால் அவருக்கு வேலை போகும்.

பதிவு உண்டா இல்லையா, எழுதித் தாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அன்றைய டியூட்டி டாக்டர் பட்டியலை மதியம்தான் கணினியில் ஏற்றினோம் என்று போகிற போக்கில் ஒரு வரியும் அதில் இருந்தது.

திருமேனி எல்லா இடத்திலும் தேடிவிட்டு ஆயிஷாவிடம் வந்தார்.

"மேடம், அந்த சிஸ்டர் பொய் சொல்றாங்களா?"

பாலிடெக்னிக்கில் பையன்கள், பேப்பரைக் கொடுத்துவிட்டேன், நீங்கள்தான் தொலைத்துவிட்டீர்கள் என்றால் நம்புவீர்களா என்று ஆயிஷா கேட்டார். பதினெட்டு வருடத்தில் ஒருத்தனையும் நம்பியதில்லை என்றார் திருமேனி, கொஞ்சம் பெருமையாகவே.

சோதனைக்கென்று வைத்திருந்த மென்பொருள் நகலைத் திறந்தார் ஆயிஷா. அதிலிருந்த டாக்டர் பட்டியலை அழித்தார். லேப்டாப்பைத் திருப்பி வைத்தார்.

"அழுத்துங்க."

திருமேனி அழுத்தினார். மீண்டும் முயலவும் என்று வந்தது. ஆயிஷா இன்னும் இரண்டு முறை அழுத்தச் சொன்னார். அதேதான் வந்தது.

"இப்ப பதிவைப் பாருங்க."

காலியாக இருந்தது.

"நீங்க அழுத்தினீங்களா சார்?"

"அழுத்தினேனே. நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"நான் பார்த்தேன். இதை மட்டும் பார்க்கிறவங்க?"

திருமேனி தான் எழுதிய நிரலைத் திறந்தார்.

நடந்தது இதுதான். நிரலில் ஒவ்வொரு வேலையும் ஒரு மெத்தட். ஒரு மெத்தட் இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டால், கூப்பிடப்படுவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிரான்சாக்ஷனில், அதாவது முடிந்தால் முழுதாக முடிகிற, தவறினால் முழுதாக அழிகிற ஒரே கட்டில், சேர்ந்துகொள்ளும். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அப்படித்தான். ரெக்வயர்ட் என்று அதற்குப் பெயர். சேர்ந்தபின் எல்லாவற்றுக்கும் ஒரே தலைவிதி. டாக்டர் பெயர் கிடைக்காமல் கடைசி வேலை தவறியதும் படுக்கை ஒதுக்கியதும் அழிந்தது, சிஸ்டர் கேட்டார் என்ற பதிவும் அழிந்தது. ரெக்வயர்ஸ் நியூ என்று எழுதியிருந்தால், வெளியே ஓடுவதைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு, பதிவு தானே தொடங்கித் தானே முடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் வெளியே எது கவிழ்ந்தாலும் அது நின்றிருக்கும். திருமேனி அதை எழுதவில்லை.

"இதனால அவங்க அழுத்தினாங்கன்னு ஆகிடாதே" என்றார் மெல்ல.

"ஆகாது. அழுத்தலைன்னும் ஆகாது."

மதியத்துக்குள் திருமேனி திருத்திக்கொண்டு வந்தார். பயந்துபோயிருந்தவர், மூன்று வேலைக்கும் தனித்தனி டிரான்சாக்ஷன் போட்டிருந்தார். ஆயிஷா பட்டியலை மறுபடி அழித்துவிட்டு அழுத்திப் பார்த்தார். பதிவு நின்றது. கூடவே படுக்கையும் நின்றது, டாக்டருக்குத் தகவல் போகாமல், 'ஒதுக்கப்பட்டது' என்று சிவப்பாக.

"இதுல யாரு சார் படுத்திருக்கா?"

"யாருமில்லை."

"வேற யாருக்காவது கிடைக்குமா?"

திருமேனி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். நாலு மணிக்குத் திரும்பி வந்தார். இப்போது பதிவு மட்டும் தனியாக நின்றது. மற்ற இரண்டும் சேர்ந்து எழுந்தன, சேர்ந்தே விழுந்தன. ஆயிஷா தலையசைத்தார்.

அப்போது திருமேனி ஆஸ்பத்திரிக்கு எழுதிய பதிலை நீட்டினார். பதிவு எதுவும் இல்லை என்று ஒரே வரி.

ஏன் இல்லை என்று எழுதவில்லையா என்று ஆயிஷா கேட்டார்.

அவர்கள் உண்டா இல்லையா என்று மட்டும்தானே கேட்டார்கள் என்றார் திருமேனி. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். பிறகு, ஒரு வேலை போய் இரண்டு வருடம் வீட்டில் இருந்ததைச் சொன்னார். இதுவும் போனால் இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள் என்றார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம் மேடம். சிஸ்டருக்கு எதிரா முடிஞ்சா நானே போய்ச் சொல்லிடறேன். நல்லபடியா முடிஞ்சுதுன்னா சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே."

ஆயிஷா கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தப் பதிவு மாதிரியே, உண்மையையும் விசாரணை முடிவோட சேர்த்தே கட்டிட்டீங்களே சார்."