தெற்கே வழிந்த பால்

"ஏனுங்கம்மா, எனக்கு ரெண்டே நாள்தான் இருக்குது. அதுக்குள்ள என்னைச் சரி பண்ணியாகணும்."

மடத்து வாசலில் ஒரு செருப்பைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றும் முன்பே செங்கோடன் இதைச் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் கபடிப் போட்டிகளுக்கு நடுவராக நின்றவர். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும். அந்த மனுஷனை என்ன சொல்ல.

மடத்தை நடத்தும் அருக்காணியம்மாள் அவரைவிட எட்டு வயது இளையவர். கம்மங்கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னங்க அவசரம்?"

"என் மக கோகிலவாணி புது வீடு கட்டியிருக்குது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறாங்க. 'வாங்கப்பா, ஆனா ஒரு குறை உங்க வாயில வந்தாலும் அப்புறம் எனக்கு அப்பனே கிடையாது'ன்னு சொல்லிருச்சு."

"அந்தளவுக்கு என்ன பண்ணுனீங்க?"

"அதோட கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டார் ஏழு நிமிஷம் பிந்தி வந்தாங்க."

"சரி."

"விசில் ஊதிட்டேன்."

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கவே நேரமானது.

"ஒரு குரு இப்படிச் சிரிக்கிறது நல்லால்லீங்க" என்றார் செங்கோடன்.

"பாருங்க, மறுபடியும் ஊதிட்டீங்க."

செங்கோடன் கழுத்திலிருந்த விசிலைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆடுறவன் கால் கோட்டுக்கு வெளியே போகுது. நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"அவுட்டு குடுப்பேன்."

"அதுக்கு முந்தி?"

யோசித்தார். முப்பது வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"கால் வெளியே பட்டதைப் பார்ப்பேன்."

"அதோட நிறுத்துங்க." அம்மாள் கையை நீட்டினார். "கண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும். விசிலைக் குடுங்க."

கழற்றிக் கொடுக்கும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது ஆள், சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அம்மாள் ஒரு சொம்புக் கூழை நீட்டினார்.

"எப்படி இருக்குது?"

"உப்பே இல்லை. இதை எவன் குடிப்பான்?"

"சொன்னதுல பின்பாதியை வெட்டுங்க."

"உப்பே இல்லை."

"இந்தாங்க உப்பு."

அவ்வளவுதான் பாடம். போகச் சொல்லிவிட்டார்.

செங்கோடனுக்கு அன்றைக்கு முழுக்க வெட்டுகிற வேலை. பஸ் வரலை, இவனுங்களுக்கு எங்கே பொறுப்பு. வெட்டினார். பஸ் வரலை. மருமகன் போனை எடுக்கலை, திமிரு. வெட்டினார். போனை எடுக்கலை. சாயங்காலத்துக்குள் உடம்பெல்லாம் வலித்தது, கபடியே ஆடியதுபோல.

மறுநாள் மத்தியானம் தொப்பலாக நனைந்து மடத்துக்கு ஓடிவந்தார்.

"அம்மா, மழை பெய்யுதுங்க."

"தெரியுதுங்க."

"இல்லைங்கம்மா, வெறும் மழை. வேற ஒண்ணுமே இல்லை. வெறும் மழைதானுங்க."

சின்னப் பிள்ளைக்குத் தேர் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில். அம்மாள் தலை துவட்டத் துண்டை எடுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. புது வீட்டில் கூட்டம். வாசலில் ஒரு டைல்ஸ் கோணல். சமையலறைக் கதவு நிலையில் உரசியது. இரண்டையும் பார்த்தார். கண் அவரிடம்தானே இருந்தது. அப்பா எதைப் பார்க்கிறார் என்பதையே கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் பாலை ஏற்றினார்கள். கிழக்கே வழிந்தால் யோகம் என்று எல்லோரும் கிழக்குப் பக்கமாகவே நெருக்கியடித்து நின்றார்கள்.

பால் ஏறியது. நுரை தளும்பியது. வழிந்தது.

தெற்கே.

"தெற்கே போயிருச்சே" என்று சம்பந்தியம்மா மெல்ல ஆரம்பித்தார். பத்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு. கோகிலவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

எந்த விசேஷத்திலும் வம்பிழுக்க ஒருத்தர் இருப்பாரே, அவர் இங்கேயும் இருந்தார்.

"என்னங்க நடுவரே, நீங்க சொல்லுங்க. உங்க தீர்ப்பு என்ன?"

எல்லோரும் செங்கோடனைத் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணி மட்டும் பார்க்கவில்லை. அடுப்பையே பார்த்தபடி நின்றாள்.

அவர் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. முன்னால் வந்து, பானையைக் குனிந்து பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"பால் பொங்கிருச்சு, அம்மிணி. டம்ளரை எடு."