பால்துரையின் கடைவாய்ப்பல்

கூத்தலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே முட்டாள்கள் யாரும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

பெரிய டாக்டர் கோமதிநாயகம் மதுரைக்குப் போய் நல்ல நிர்வாகம் பற்றிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். வந்ததும் சின்ன டாக்டர் அருளப்பன், உதவியாளர் சுடலைமணி, வரவேற்பில் இருக்கும் பிரமு மூவரையும் கூப்பிட்டார்.

"இனிமே இங்க எல்லாரும் வாயைத் தொறந்து தெளிவா 'சம்மதம்'னு சொன்னாத்தான் எந்த வேலையும் நடக்கணும். நோயாளிதான் நமக்குத் தலைவர். ஒரு முடிவால யாருக்கு ஆதாயமோ அவர் அந்தப் பேச்சுல உக்காரக் கூடாது. நோயாளிக்குச் செய்யறதை முதல்ல நமக்குச் செஞ்சு பாக்கணும். எடுத்த முடிவை அன்னைக்கே முடிக்கணும். புரிஞ்சுதா?"

மூவரும் வாயைத் திறந்து "சம்மதம்" என்றார்கள். அவர் நிம்மதியாகச் சான்றிதழ் வாங்க மறுபடியும் மதுரைக்குப் பஸ் ஏறினார்.

மத்தியானம் கண்டக்டர் பால்துரை வந்தார். வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"கீழ்க் கடைவாய்ப்பல்லு. உயிர் போகுது. அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும். விசிலை வாயில வச்சாலே மண்டைக்குள்ள இடி இடிக்கு. சட்டுனு புடுங்கி விட்டுரும்யா."

மூவரும் அவரைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரின் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சுடலைமணி ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துப் பொன்னாடையாகப் போர்த்தினான். பிரமு கைதட்டினாள்.

"என்னவே இது?"

"நீங்கதான் எங்க தலைவர், அண்ணாச்சி."

பால்துரை ஒரு கணம் யோசித்தார். "சரி, தலைவர் சொல்லுதேன். பல்லைப் புடுங்கு."

மூவரும் முகத்தைச் சுளித்தார்கள்.

"பதவிக்கு வந்து ஒரு நிமிசம் ஆகல, அதுக்குள்ள சொந்தப் பல்லுக்கு ஆதாயம் தேடுதாரே" என்றாள் பிரமு.

"நீங்க வெளிய இருங்க தலைவரே. நாங்க பேசி முடிவெடுக்கோம்" என்றார் அருளப்பன்.

"பல்லு என்கூடத்தானய்யா வெளிய வரும்!"

"அது பேசாதுல்லா. இருக்கட்டும்."

பால்துரை துண்டோடு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே விவாதம் நடந்தது. முதலில் மரத்துப்போகிற ஊசி போட வேண்டும். அதற்குமுன் தங்களுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

"எனக்கு மேல ஒரு பல்லு கிடையாது, கல்லுமிட்டாய் கடிச்சதுல போயிட்டு. எனக்கும் உண்டா?" என்றான் சுடலைமணி.

"நிர்வாகத்துல பாரபட்சம் கூடாது" என்றார் அருளப்பன்.

மூவரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். கடைசி மருந்துக் குப்பி பிரமுவுக்குச் சரியாக இருந்தது. மூவரின் உதடுகளும் மரத்துத் தொங்கின. பல்லை எடுக்கலாமா என்று சைகையில் கேட்டார் அருளப்பன்.

"ஃபம்மஃபம்" என்றான் சுடலைமணி.

அது தெளிவாக இல்லை என்று சைகை காட்டினாள் பிரமு. அவளே சொல்லிப் பார்த்தாள். எச்சில்தான் வந்தது.

வாசலிலிருந்து பால்துரை கத்தினார். "சம்மதம்னுதான்யா சொல்லுதான்! எனக்கு வெளங்குதே!"

பேச்சில் தலையிடக் கூடாது என்று அருளப்பன் கையெடுத்துக் கும்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

அஞ்சு மணிக்கு எதிரே பஸ் ஹாரன் அடித்தது. "யோவ் பால்துரை! வாரியா, இல்ல நானே டிக்கெட்டும் கிழிக்கவா?" என்று டிரைவர் கத்தினார். பால்துரை துண்டோடு ஓடிப்போய் ஏறினார்.

சந்தை வளைவில் டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. பால்துரை வலியை மறந்து, உயிரைக் கொடுத்து விசில் அடித்தார். பஸ் நின்றது. மாடும் நின்றது. விசிலோடு பல்லும் வெளியே வந்து விழுந்தது.

மறுநாள் துண்டைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். கன்னம் வடிந்திருந்தது. டிக்கெட் தாளில் மடித்துவைத்திருந்த பல்லைச் சிரித்துக்கொண்டே மேஜையில் வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

"முடிவு எடுக்குமுன்ன பல்லு எப்படி வெளிய வந்துச்சு?" என்றார் அருளப்பன்.

"விசில் அடிச்சேன், வந்துட்டு."

"விசில் நம்ம ஆஸ்பத்திரியில வேலை பாக்குதா?" என்றாள் பிரமு.

"இது செல்லாது தலைவரே. பல்லைத் திரும்ப அதே எடத்துல வைக்கணும். அப்புறம் முறைப்படி பேசி எடுத்துருவோம்" என்றார் அருளப்பன்.

பால்துரையின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"நீங்க வெளிய இருங்க. இது உங்க சொந்த விசயம்."

"ரொம்ப நல்ல வழக்கம்யா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பஸ் நிலையத்தில் இரட்டை விசில் கேட்டது.

இன்றைக்கு நாக்கு நன்றாகப் புரண்டது. பல்லைத் திரும்ப வைக்க மூவரும் தெளிவாகச் சம்மதம் சொன்னார்கள். வாசலுக்கு வந்து பார்த்தால் பெஞ்ச் காலி. தலைவர் இல்லை, பல் மட்டும் மேஜையில் இருந்தது.

"எடுத்த முடிவை இன்னைக்கே முடிக்கணுமே" என்றாள் பிரமு கவலையாக.

அருளப்பன் சுடலைமணியையே பார்த்தார். "உனக்கு மேல ஒரு எடம் காலியாத்தான இருக்கு?"

சுடலைமணி வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்தான். உடனே நிமிர்ந்தான்.

"டாக்டர், முதல்ல உங்களுக்கு வச்சுப் பாக்கணும்லா?"

அருளப்பன் நாக்கால் தன் பற்களைத் தடவிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. "ஒண்ணை எடுத்தாத்தான் எடம் கிடைக்கும்" என்றான் சுடலைமணி.

"சம்மதம்" என்றாள் பிரமு.