பன்னிரண்டாம் கட்டில்

நூறு வருஷத்துக்கு மேலாக டாக்டர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிற பெரியாஸ்பத்திரி அது. சுற்றுவட்டாரத்தில் யார் கைவிட்ட நோயாளியும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்வார்.

அப்படி வந்தவர்தான் பன்னிரண்டாம் கட்டில் சடையாண்டி. பஞ்சர் கடைக்காரர். இதயத்தில் ஒரு வால்வு ஒழுகியது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அது நடந்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் உண்டு. நெஞ்சில் நோயின் சத்தம் தெளிவாகக் கேட்கிற நோயாளி கிடைத்துவிட்டால் போதும், மாணவர்கள் கேட்டுப் பழக ஊரையே கூட்டிவிடுவார்கள். மேல்படிப்பு படிக்கும் டாக்டர் கயல்விழிக்கும் இருப்புக்கொள்ளவில்லை. "அருமையான கேஸ், வாங்க வாங்க" என்று வார்டு வார்டாகச் சொல்லி அனுப்பினாள்.

நாற்பது மாணவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்கள். இங்கிலீஷில் என்னமோ பேசினார்கள். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் பார்த்தால் கட்டில் காலி.

கயல்விழி பேராசிரியர் இன்னாசிமுத்துவிடம் ஓடினாள்.

"சார், ஆளைக் காணோம். இப்படியே ஊருக்குப் போனா செத்துப் போயிருவாரு சார்!"

பேராசிரியர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளும் பின்னாலேயே போனாள்.

வாசல் பஸ் ஸ்டாப்பில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார் சடையாண்டி.

"என்னய்யா, சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டீங்க?" என்றார் பேராசிரியர்.

"நாப்பது டாக்டருங்க பாத்தாங்க, ஒருத்தர்கூட எங்கிட்ட வாயத் தொறக்கலைங்கய்யா. பொழைக்கிறவனைப் பாக்கவா இத்தனை பேரு வருவாங்க? சாகுறதை எம் பிள்ளைக மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாகுறேன், விடுங்க."

கயல்விழிக்குச் சுருக்கென்றது.

பேராசிரியர் அவள் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை வாங்கிச் சடையாண்டியின் காதில் மாட்டினார். மறுமுனையை அவர் நெஞ்சிலேயே வைத்தார்.

பஸ் வந்தது. சடையாண்டி எழுந்திருக்கவில்லை.

"அய்யா... டியூப்புல காத்து எறங்குற சத்தம்ல இது!"

"அதேதான். உள்ள ஒரு பஞ்சர். செவ்வாக்கிழமை ஒட்டிருவோம்."

"அம்புட்டுத்தானா? அட, இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன தாயி!"

கயல்விழியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குள் நடந்தார்.

கயல்விழிக்கு மனசு ஆறவில்லை.

"சார், நாளைக்கு ஊர் ஊரா வைத்தியம் பாக்கப் போற பசங்க. இந்தச் சத்தத்தை இங்க கேக்காம வேற எங்க போய்க் கேப்பாங்க? நாப்பது பேரைக் கூப்பிட்டது தப்பா?"

"கூப்பிட்டது சரிதாம்மா" என்றார் பேராசிரியர். "கட்டில்ல கிடந்த நாப்பத்தொண்ணாவது ஆளைக் கூப்பிடலையே."